‘இருபது நிமிடத்தில் இரவுச் சாப்பாடு’: ஒரு திருத்தம்

என் மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறை ஒட்டப்படாமல் வந்திருப்பதைக் கவனித்திருப்பாய். பசை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே; நம் வீட்டில் எதையும் தீரவிட்டு வாங்கும் வழக்கம் இல்லை. வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. மகள் வீட்டுக்குப் பெங்களூர் வரும் உன் பெரிய அத்தையின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் ரயிலில் இதைப் படிக்காமல் இருக்கமாட்டாள். படிக்கட்டும். இன்னொரு பிரதியை நம் மாதர் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுத்துவிட்டேன். கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். எவளாவது வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பொய் சொல்லிவிட்டு, பிறகு அவர் காதருகே வந்து முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். “பொய்யை எந்தச் சத்தத்தில் சொன்னாய்? அதே சத்தத்தில் இதையும் சொல்” என்பார். நான் பொய் சொன்னது அச்சில். ஆகவே இதுவும் அச்சில் வரவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பகவதி போன வாரம் எனக்கு எழுதியிருந்தாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஓரம் விட்டு எழுதுகிறாள். இரண்டு இடங்களில் காற்புள்ளி தேவையில்லை. அதைக் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பேக்டரியில் அவளுக்கு வேலை முடிய ஆறரை ஆகிறது, வீடு வந்து சேர ஏழேகால் ஆகும். இதை அவள் உன்னிடம் சொன்னபோது நீ, “எங்க அம்மாவும் ஏழு மணிக்குத்தான் ஆபீஸ்லேந்து வருவா. ஏழு இருபதுக்குத் தட்டு போட்டாச்சு. சூடா, கீரையோட, அதிகம் எண்ணெய் இல்லாம. ஒரு நாள் ஹோட்டல்ல வாங்கினது கிடையாது” என்றாயாம். அதோடு நிற்காமல், ஆண்டு மலரில் நான் எழுதிய ‘இருபது நிமிடத்தில் இரவுச் சாப்பாடு’ கட்டுரையைக் கத்தரித்து அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். நிச்சயமான பெண்ணுக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் ஒருவன் சிறுபயறைப் பற்றிய கட்டுரையையா வைப்பான்? உன் அப்பா எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘வெள்ளிக்கிழமை மழை இல்லாவிட்டால் வருகிறேன்.’ அதில்கூடச் சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை.

அந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? ஹாஸ்டல் வார்டனிடம் அனுமதி வாங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுக்களை மேடையில் வைத்துக்கொண்டு, நான்கு நாள் என் கட்டுரைப்படி சமைத்துப் பார்த்திருக்கிறாள். “ஐம்பத்தெட்டு நிமிடத்துக்குக் கீழே என்னால் வரமுடியவில்லை, அத்தை. எழுதாமல் விட்ட ரகசியம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் குறை என்னிடம்தான். ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து டிராயரில் வைத்திருக்கிறேன். முதல் தேதி கொடுத்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறாள். அந்த பேக்டரியில் சூப்பர்வைசர் ஆன முதல் பெண் அவள் என்று நீதான் என்னிடம் பெருமையாகச் சொன்னாய். அந்த வேலை இப்போது ஒரு கிண்ணம் பயற்றங்கஞ்சியில் மூழ்கப் பார்க்கிறது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. ‘ஐம்பத்தெட்டு நிமிடமா!’ என்று ஒரு சிரிப்புக்கூட வந்தது. பேனாவை எடுத்து, ‘அன்புள்ள பகவதி, எல்லாம் திட்டமிடுதலில்தான் இருக்கிறது’ என்று தொடங்கினேன். வாரத்தின் ஏழு இரவுகளுக்கும் நான் போட்ட சாப்பாட்டு அட்டவணையையும் நகலெடுத்து அனுப்பலாம் என்று அடுக்களைக் கதவில் தொங்கிய அட்டையை ஆணியிலிருந்து கழற்றினேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ தினமும் ஹிந்தி டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்குள் நுழைவாய். நானும் அந்த நேரத்துக்குத்தான் நுழைவேன். ஆகவே ஏழு மணிக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நம் இருவருக்குமே தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. உனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை, எனக்குத் தெரிந்துகொள்ள மனமில்லை.

அட்டவணை என்னுடையதுதான். அதில் பொய் இல்லை. கெட்டி அட்டையில் கோடு போட்டு, கிழமையைச் சிவப்பு மையிலும் சாப்பாட்டை நீல மையிலும் எழுதினேன். திங்கள் சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, கீரைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), காணத் (கொள்ளு) துவையல். செவ்வாய் கோதுமை ரவை உப்புமா, அதில் ரவைக்குச் சமமாகக் காய்கறி. புதன் முருங்கைக்கீரை போட்ட அடை. இப்படியே ஞாயிறு வரை. ஆபீஸில் என் செக்ஷன் பைல்களை எப்படி அடுக்கினேனோ அப்படி. சட்டசபை கூடும் நாட்களில் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்துவிட்டு வர எட்டு மணியாகும். அப்போதும் எட்டு இருபதுக்குத் தட்டு போட்டாகிவிடும். நான் உள்ளே வருவேன், கை கால் கழுவுவேன், புடவைத் தலைப்பைச் செருகுவேன், அடுப்பைப் பற்றவைப்பேன். பயறு ஊறி இடது பக்கம் இருக்கும். நறுக்கிய காய் வலது பக்கம், கீரை ஈரத்துணியில். கஞ்சிப் பானை மரத்தூள் அடைத்த ஒரு பெட்டிக்குள் வெந்து இருக்கும். அடுப்பில் ஐந்து நிமிடம் காட்டினால் போதும். பானை எப்படிப் பெட்டிக்குள் போய் வெந்தது என்று நான் யோசித்ததே இல்லை. ஆபீஸுக்குப் போகிறவள், சூரியன் எப்படி உதித்தது என்று விசாரித்துவிட்டா கிளம்புகிறாள்?

உன் அப்பா காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரு நாள், உங்கள் வேலை என்ன என்று அவரைக் கேட்டேன். “ப்ரொபசர் ரெண்டு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் கலப்பாரு. நீலமாகும். பிள்ளைகள் கைதட்டும்” என்றார்.

“நீங்க என்ன செய்வீங்க?”

“அந்த ரெண்டு குப்பியையும் நான்தான் அங்க வச்சிருப்பேன்.”

நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு இருபத்துநான்கு வருஷம் அந்த ப்ரொபசராகவே நம் அடுக்களையில் வாழ்ந்தேன். லேபுக்கு வந்த கண்ணாடிச் சாமான்களின் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மரத்தூள் அடைத்தது அவர். காலையில் அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அதற்குள் புதைத்துவிட்டுக் காலேஜுக்குப் போவதும் அவர்தான். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். பார்த்தேன். கணக்கில் சேர்க்கவில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்தில் கொஞ்சம் ஒத்தாசை’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்துதான் சமையல் தொடங்குகிறது என்பது என் சட்டம்.

இந்த இடத்தை உன் அத்தை ரயிலில் இரண்டு முறை படிக்கட்டும். ஒரு நாள் சாயங்காலம் அவள் நாகர்கோவிலிலிருந்து சொல்லாமல் வந்து இறங்கினாள். அவள் தம்பி அரிவாள்மணையின் முன்னால் வாழைப்பூவோடு உட்கார்ந்திருந்தான். “ஏலே, பொண்டாட்டி சர்க்காரு உத்தியோகம் பாக்கா, நீ இங்க வாழைப்பூ ஆயுதியா? வெளிய சொல்லிராத. நம்ம குடும்பத்துக்கு ஒருத்தன் பொண்ணு தரமாட்டான்” என்றாளாம்.

“எனக்குத் தந்தாச்சுல்லா, இனி என்ன?” என்றாராம் அப்பா.

அவர் அதை அன்றே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அடுத்த நாள் முதல் ஐந்து மணிக்கு அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட வேண்டும் என்று சொன்னது அத்தை இல்லை, நான். “நான் வரும்போது நீங்க முன்னறையில பேப்பர் படிச்சிட்டு இருக்கணும், அதுதான் அழகு” என்று சொன்னதும் நான்தான். அவர், “இங்கிலீஷ் பேப்பரா, மலையாளமா?” என்று மட்டும் கேட்டார்.

அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதில் ‘என் கணவர் பேப்பர் படித்து முடிப்பதற்குள்’ என்று ஒரு வரி வரும்; உனக்கு மனப்பாடமாக இருக்கும். நம் தெருவில் அது என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. ஆண்கள் அனைவரும் ஒரே வாரத்தில் வாசகர்கள் ஆனார்கள். அடுத்த வீட்டுக் கோமதி கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க பெரிய எழுத்துக்காரியாக்கும். எங்க வீட்டு ஆளு அதை வெட்டி அடுக்களைச் சுவத்துல ஒட்டியிருக்காரு. சாலை பஜார்ல கடையைப் பூட்டிட்டு வந்ததும் என்னைப் பாக்கறதில்ல, கடியாரத்தைப் பாக்காரு” என்றாள். நான் புன்னகை செய்தேன். பொதுவாக நான் புன்னகை செய்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கோமதி முடிக்கவில்லை. பெண்கள் கூடிப் பேசி, சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் மேடையில் செய்து காட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஒருமனதாக.

எனக்குப் பயம் துளியும் இல்லை. அதுதான் வேடிக்கை. திங்கட்கிழமைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். அரிசி, பயறு, கீரை, தேங்காய் எல்லாவற்றையும் சாலை பஜாரில் பொறுக்கி வாங்கி ஒரு பையில் போட்டேன். ஸ்டவ் மட்டும் கோமதியுடையது, புதிது. ‘இன்னிக்கு என்ன எடுத்து வைக்க?’ என்று கேட்டுக்கொண்டு உன் அப்பா பின்னாலேயே வந்தார். “ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்து பின்வரிசையில உக்காந்தா போதும்” என்றேன். நீ அன்று பாட்டி வீட்டில் இருந்தாய். கடவுள் காப்பாற்றினார்.

மேடையில் அடுப்பைப் பற்றவைத்தேன். கைதட்டினார்கள். இடது பக்கம் திரும்பினேன். பயறு இருந்தது, கல்லைப் போல, கடையில் வாங்கிய காகிதப் பொட்டலத்துக்குள். அரிசியும் அப்படியே. கீரை காம்போடு ஒரு புதராக இருந்தது. எதற்கும் பதறாதே என்பது கான்வென்ட் பழக்கம். அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு, துவரனுக்குத் தேங்காய்த் துருவல் வேண்டுமே என்று, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையைப் பின்னால் நீட்டினேன். வீட்டில் எப்போதும் அப்படித்தான் நீட்டுவேன். பேப்பரை மடித்துவிட்டு அவர் எப்போது பின்னால் வந்து நின்றாரோ, கையில் கிண்ணம் வந்து உட்காரும். அன்று கை அப்படியே நின்றது. நூற்றைம்பது பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். சங்கத் தலைவி, நான் ஏதோ வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து, எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்வரிசையில் உன் அப்பா பாதி எழுந்தார். நான் அவரைப் பார்த்தேன். செக்ஷனில் தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை அது. அவர் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த சின்னத்தனங்களுக்கு ஒரு வரிசை போட்டால் முதல் இடம் அதற்குத்தான். கஞ்சி வேக ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. இடையில் தலைவி தன் உரையை இரண்டாம் முறை ஆற்றினார். யாரோ நான்கு கீர்த்தனைகள் பாடினார்கள். தேங்காயை வாசலுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் அடித்து உடைத்தார்கள். கடைசியில் நான் நிமிர்ந்து நின்று, “ஸ்டவ் சரியில்லை” என்று அறிவித்தேன். கோமதியின் முகம் கறுத்ததைப் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். அவள் மறுநாளே ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போய், ரிப்பேர்காரர் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்காதவள் மாதிரி இருந்தேன். ஆறு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. ஆண்களோ ஸ்டவ் கதையையே நம்பினார்கள், அதுதான் அவர்களுக்கு வசதி. அன்று உன் அப்பாவோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். கோட்டை வாசலைத் தாண்டிய பிறகு, “பயறைக் காலையிலேயே நனையப் போடணும்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் போன பிறகு இந்த நான்கு வருஷமாக நான் இரவில் மோர்ச்சோறுதான் சாப்பிடுகிறேன். டாக்டர் சொன்னதாக உனக்கு எழுதினேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. தனியாக அந்தத் திங்கட்கிழமைச் சாப்பாட்டைச் செய்து பார்த்தேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதைத் தெரிந்துகொள்வதைவிட மோர்ச்சோறு மேலாக இருந்தது.

இப்போது அட்டைக்கு வருகிறேன். ஆணியில் தொங்கிய அந்த அட்டையின் முன்பக்கத்தை நான் தினமும் துடைத்திருக்கிறேன். திருப்பியதே இல்லை. என் எழுத்து எனக்குத் தெரியும், பின்னால் என்ன இருக்கப்போகிறது? பகவதிக்காகக் கழற்றியபோது கை நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் முழுக்க எழுத்து. லேபில் குப்பிகளுக்கு லேபிள் எழுதுகிற அதே பொடி எழுத்து. திங்கள்: காலை 6.30 பயறு நனைக்க. 7.00 அரிசி 10 நிமிடம், பெட்டி. மாலை 4.45 தேங்காய். 5.00 ஜன்னல் சாத்த. 5.05 கீரை. 5.40 காணம் வறுத்து அரைக்க. 6.30 மேடை துடைக்க. தோல், காம்பு எல்லாம் வெளியே. 6.55 கை கழுவி, முன்னறையில் பேப்பர். இப்படி ஏழு கிழமைக்கும். ஒவ்வொரு நாளின் கடைசி வரியும் பேப்பர்தான். புதன்கிழமைக்குக் கீழே மட்டும் வேறு மையில் பிற்பாடு சேர்த்திருக்கிறார்: ‘பேப்பர் நேராக இருக்கிறதா என்று பார்க்க.’

நான் சிரித்தேன். பிறகு அடுக்களைத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பகவதிக்கு எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்தேன். குடையை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய் அவளுக்குத் தந்தி கொடுத்தேன்: ‘ராஜினாமாவைக் கிழி. ரகசியம் உண்டு. கடிதம் வருகிறது.’ தந்தி வாங்கிய பெண் வார்த்தைகளை எண்ணிவிட்டு, “என்ன ரகசியம் அம்மே?” என்று கேட்டாள். “என் வீட்டுக்காரர்” என்றேன். அவள் ரசீதில் முத்திரை குத்தினாள்.

நேற்று இந்தக் கடிதத்தைக் கோமதியிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஸ்டவ் சரியாகத்தான் இருந்தது’ என்பதைத் தெருவில் கேட்கும்படி இரண்டு முறை சொன்னேன். “பதினெட்டு வருஷமாச்சே அக்கா, இதைச் சொல்ல?” என்றாள். உடனே, “அச்சாகி வந்ததும் எனக்கு ரெண்டு பிரதி வேணும். ஒண்ணு சுவத்துல ஒட்ட” என்றாள்.

உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உன் வேலை ஐந்து மணிக்கு முடிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பகவதிக்கு ஏழேகால். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. பயறோ கடலையோ, காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் நனையப் போடு. அன்றைக்கு என்ன சமையல் என்பதை முந்தின நாளே முடிவு செய்; பசித்தவன் போடுகிற திட்டம் ஹோட்டலில்தான் போய் முடியும். அலுவல் நாட்களில் ஒரு சாப்பாடு, ஒரு கீரை அல்லது காய், ஒரு துவையல், அது போதும். திங்கட்கிழமை தோறும் கஞ்சியா என்று அலுத்துக்கொள்ளாதே, திங்கட்கிழமை வருவதற்கு நீ அலுத்துக்கொண்டால் நிற்கிறதா? மரத்தூள் பெட்டி கல்யாணச் சாமான்களோடு லாரியில் வருகிறது. அதைப் பார்த்து யார் சிரித்தாலும் பெயரை எனக்கு எழுது.

அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அடுக்களைக் கதவில் ஆணி அடித்துத் தொங்கவிடு. என் எழுத்து கதவைப் பார்த்து இருக்கட்டும், அப்பாவின் எழுத்து உன்னைப் பார்த்து. அதில் ஒவ்வொரு நாளிலும் பேப்பர் வரியை மட்டும் நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். ஜன்னலையும் நீ சாத்தவேண்டாம். அவள் ஏழேகாலுக்கு உள்ளே வரும்போது நீ பேப்பரோடு முன்னறையில் இருக்கக்கூடாது, மக்களே. கையில் கரண்டியோடு அடுக்களையில் நில். அவள் பார்க்கட்டும்.

உன் அம்மா